வெடி வாங்குமுன் திடலை அளந்துவிடுங்கள்

கேள்வி: பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் சேன்-ஆந்த்ரே அருகே நாற்பது குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கோவில் சங்கம் எங்களுடையது. போன தீபாவளிக்குப் பிள்ளைகள் தெருவில் பெத்தார் (பட்டாசு) கொளுத்திப் போட, எதிர்வீட்டுக்காரர் போலீசை அழைத்துவிட்டார். இந்த ஆண்டு தெருவில் வேண்டாம், கோவிலுக்குப் பின்னால் உள்ள திடலில் கால் மணி நேரம் ஒழுங்காக வாணவேடிக்கை நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். தலைவரின் மருமகன் பாரிசிலிருந்து வரும்போது நல்ல வெடியாகக் கொண்டு வருகிறேன் என்கிறார். இன்னொருவர் புதுச்சேரியிலிருந்து சிவகாசிச் சரக்கை வரவழைக்கலாம் என்கிறார். அனுமதி வாங்க வேண்டுமா? யாரிடம், எவ்வளவு நாள் முன்னால்? சித்திரைப் புத்தாண்டுக்கும் இதையே செய்ய ஆசை.
சங்கச் செயலாளர் (ஒரு அம்மாள்)

பதில்:

வணக்கம் அம்மா. நானும் புதுச்சேரியில் பிறந்தவன்தான். இந்தத் தீவுக்கு வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது, வாணம் விடுவதுதான் பிழைப்பு. உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன்.

மருமகன் எதையும் கொண்டு வரக்கூடாது. பயணிகள் விமானத்தில் பட்டாசு எந்த வடிவிலும் ஏறக்கூடாது. கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. பிறந்தநாள் கேக்கில் குத்தும் கம்பி மத்தாப்புக்கும் இதே விதிதான். தபாலிலும் அனுப்ப முடியாது. இந்தத் தீவுக்கு வெடி வரும் முறையான வழி கப்பல்தான், அதுவும் அபாயச் சரக்கு என்று தனியாக எழுதி வர வேண்டும். இங்கே விலை கூடுதலாக இருப்பதற்கு அந்தக் கப்பல் கூலியும் துறைமுக வரியும் ஒரு காரணம். அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் போய் மருமகனை விமான நிலையத்தில் மாட்டிவிடாதீர்கள்.

சிவகாசிச் சரக்கு மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன். சின்ன வயதில் கொளுத்தியது எல்லாம் அதுதான். ஆனால் பிரெஞ்சுச் சட்டம் செல்லும் இடத்தில் விற்கிற, கொளுத்துகிற எந்த வெடியிலும் 'சே-எ' (CE) என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்க வேண்டும். அதன் அருகிலேயே வகை எண்ணும், தள்ளி நிற்க வேண்டிய தூரமும், உள்ளே இருக்கும் மருந்தின் எடையும் அச்சிட்டிருக்கும். இந்தியச் சந்தைக்காகச் செய்த பெட்டியில் இவை இருக்காது. அது இல்லாத வெடியால் ஒரு பிள்ளைக்குக் காயம் பட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், அப்புறம் சங்கத் தலைவர்தான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். ஊரிலேயே இப்போது பழைய மாதிரி விட முடியாது, தெரியும்தானே? 2018-இல் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் என்று கட்டிவிட்டது. தமிழ்நாட்டு அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது.

சரி, இனி வகை எண். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எஃப்-1 என்பது மத்தாப்பு, சிறு புஸ்வாணம் போன்றவை. 12 வயது ஆனவர்கள் வாங்கலாம், 1 மீட்டர் தள்ளி நின்றால் போதும். எஃப்-2 வீட்டு முற்றம், தோட்டம் போன்ற திறந்த இடத்துக்கு. குறைந்தது 8 மீட்டர் தள்ள வேண்டும். எஃப்-3 பெரிய வெளிக்கு, குறைந்தது 15 மீட்டர். இந்த இரண்டும் பிரான்சில் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான். எஃப்-4 என்னைப் போல் பயிற்சி பெற்றுப் பிரிஃபெக்திடம் (தீவில் பிரெஞ்சு அரசின் பிரதிநிதி) சான்றிதழ் வாங்கியவர்களுக்கு. அதைக் கடையில் கேட்டாலும் தரமாட்டார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் பெட்டி சொல்வதுதான் கணக்கு.

போன ஆண்டு உங்கள் பிள்ளைகள் போட்டது பெரும்பாலும் எஃப்-2 ஆகத்தான் இருக்கும், அதாவது அவர்கள் கையில் இருந்திருக்கவே கூடாதது. எதிர்வீட்டுக்காரர் போலீசை அழைத்தது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். இரவுச் சத்தத்துக்கான அபராதம் 68 யூரோதான். ஆனால் சங்கத்தின் பெயர் கெட்டுப்போனால் மேரியில் (நகராட்சி அலுவலகம்) அடுத்த கடிதம் நகராது. அதனால் இந்த ஆண்டு முதல் வேலையாக அவர் வீட்டுக்கு ஒரு தட்டு இனிப்போடு போய்விட்டு வாருங்கள். அவர் நாய் வைத்திருந்தால் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நாயை உள்ளறையில் விட்டு, சன்னலை மூடி, வானொலியைப் போட்டுவைக்க அவருக்கு அது போதும்.

இப்போது அனுமதி. சட்டம் 'வாணவேடிக்கை நிகழ்ச்சி' என்று எதைச் சொல்கிறது என்பதைப் பொறுத்தது இது. 2010 மே 31-ஆம் தேதி வந்த அரசாணையில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்-4 ஒன்றே ஒன்று பறந்தாலும் அது நிகழ்ச்சி. எஃப்-2, எஃப்-3 மட்டும் என்றால் மொத்த மருந்தின் எடை 35 கிலோவைத் தாண்டினால் நிகழ்ச்சி. நிகழ்ச்சி என்று ஆகிவிட்டால், நடத்துபவர் ஒரு மாதத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே மேயருக்கும் பிரிஃபெக்துக்கும் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதோடு இடத்தின் வரைபடம், வெடிகளின் பட்டியல், கொளுத்துபவரின் சான்றிதழ், காப்பீட்டுச் சான்று, ஆபத்தைத் தடுக்க என்ன ஏற்பாடு என்ற விவரம் எல்லாம் வைக்க வேண்டும். ரெசெப்பிசே என்ற ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும்வரை அறிவிப்பு நோட்டீஸ் அச்சடிக்காதீர்கள்.

நீங்கள் நினைப்பது அவ்வளவு பெரியதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் நல்ல பெட்டி வாணம் (பல குழல்களைச் சேர்த்துக் கட்டியது) ஒன்றில் அரைக் கிலோ மருந்து இருக்கிறது என்று வையுங்கள். 35 கிலோ ஆக 70 பெட்டி வேண்டும். ஒரு பெட்டி அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும். பன்னிரண்டு பெட்டியை ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் ஆறு நிமிடத்தை நிரப்பிவிடலாம், மருந்தும் 6 கிலோதான். அதாவது அந்த வரம்புக்கு நீங்கள் பக்கத்தில்கூடப் போகவில்லை.

கால் மணி நேரம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு நிமிடத்துக்கு மேல் ஜனங்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, கைப்பேசியைப் பார்க்கிறார்கள். நீளமான நிகழ்ச்சி நகராட்சிக் காசில் நடக்கும் ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளுக்குப் பொருந்தும், கோவில் சங்கத்துக்கு அல்ல.

வரம்புக்குக் கீழே என்பதால் யாரையும் கேட்க வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் மேயர்தான் பொறுப்பு. எங்கே, எந்த நேரத்தில் வெடி போடலாம் என்று அவர் ஆணை போடலாம். தீவு முழுவதுக்கும் பிரிஃபெக்தும் ஆணை போடலாம். இந்தத் தீவில் 24 கொம்யூன்கள் (நகராட்சிகள்), உங்கள் ஊருக்கு உள்ளது பக்கத்து ஊருக்கு இல்லாமல் இருக்கலாம். ஆகவே போன ஆண்டு ஒருவர் சொன்னதை வைத்து நடக்காதீர்கள். மேரிக்கு நேரில் போய் இந்த ஆண்டில் நடப்பில் உள்ள ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். திடல் யாருடையது என்பதும் முக்கியம். கோவில் நிலமாக இருந்தால் சங்கத்தின் தீர்மானம், கொம்யூன் நிலமாக இருந்தால் மேரியின் எழுத்து மூலமான அனுமதி. வாய்ச்சொல் போதாது.

காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். சங்கங்கள் வழக்கமாக எடுக்கும் பொறுப்புக் காப்பீட்டில் வாணவேடிக்கையை ஒரு வரியில் விலக்கி வைத்திருப்பார்கள், அது சின்ன எழுத்தில் இருக்கும். நிகழ்ச்சியின் தேதியைக் குறிப்பிட்டு, இதற்கும் செல்லும் என்று ஒரு சான்று எழுதி வாங்குங்கள். சில யூரோ கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம். எனக்கு இதுதான் முக்கியம். திடல் எவ்வளவு பெரியது? நீங்கள் எழுதவில்லை. வெடி, அனுமதி, காசு எல்லாம் கேட்டிருக்கிறீர்கள், இடத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை. நூறு பேர் என்னிடம் கேட்டால் தொண்ணூறு பேர் இப்படித்தான்.

ஒரு நாள் மாலை, தீபாவளியன்று எந்த நேரத்துக்கு நடத்த நினைக்கிறீர்களோ அதே நேரத்தில், ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள். வெடி வைக்கும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அங்கிருந்து கோவில் மதிலுக்கு, மின்கம்பிக்கு, பக்கத்து வீட்டின் தகரக் கூரைக்கு, கார் நிறுத்தும் இடத்துக்கு, ஜனங்கள் நிற்கும் இடத்துக்கு, கரும்பு வயலுக்கு எல்லாம் எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். தென்னங்கீற்றுப் பந்தல் போடுவீர்கள் என்றால் அதற்கும். நாலு பக்கமும் பெட்டியில் எழுதிய தூரத்தைப் போல் இரண்டு மடங்கு கிடைத்தால் நான் நிம்மதியாக இருப்பேன். கிடைக்கவில்லை என்றால் வெடியைச் சின்னதாக்குங்கள், திடலைப் பெரிதாக்க முடியாதே. எஃப்-4 குண்டுகளில் நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, குழலின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மீட்டர். 75 என்றால் 75 மீட்டர் சுற்றிலும் காலி. நம் கோவில் திடல்களில் அது எங்கே கிடைக்கும்?

கூடவே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். பகலில் கிழக்குக் கரையில் கடலிலிருந்து அடிக்கும் அலீசே காற்று இருட்டியதும் தணிந்து, மலையிலிருந்து இறங்கும் காற்று தொடங்கும். மதியம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஜனங்களைக் கடல் பக்கம் உட்கார வைத்துவிடுவார்கள். இரவு எட்டு மணிக்குப் புகையும் எரிந்த அட்டையும் அவர்கள் தலையில்தான் விழும்.

கரும்பு பற்றிச் சொல்ல வேண்டும். அறுவடை ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். அதாவது தீபாவளி நேரத்தில் புவா-ரூஜ் சர்க்கரை ஆலைக்கு லாரிகள் போய்க்கொண்டே இருக்கும், வெட்டிய வயலில் காய்ந்த சோகை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். ஒரு பொறி போதும். மேற்கே மைதோ மலைச்சரிவு 2010-இலும் 2011-இலும் எரிந்ததும் அக்டோபரில்தான். ஆகவே வயலின் சொந்தக்காரரிடம் முன்னதாகப் பேசுங்கள். ஓரத்துச் சோகையை ஒரு பத்து மீட்டர் அகலத்துக்கு வாரிப்போடச் சொல்லுங்கள், சங்கத்து இளைஞர்களையே அனுப்பினால் இன்னும் நல்லது. வறட்சி அதிகமான ஆண்டில் நெருப்புத் தடை ஆணை வந்தால் வாதாடாமல் நிறுத்திவிடுங்கள். அதற்காகவே கடைக்காரரிடம் வாங்கும்போது, பெட்டி பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டு வையுங்கள்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிழக்குப் பக்கம் ஒரு கோவில் விழா. மாலை நான்கு மணிக்கே கயிறு கட்டிக் கோடு போட்டாயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முன்வரிசை நாற்காலிகள் கயிற்றைத் தாண்டி இருபது மீட்டர் உள்ளே. யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பின்னால் உட்கார வைத்தால் மரியாதையாக இருக்காதாம். நான் கொளுத்த மாட்டேன் என்றேன். நாற்பது நிமிடம் நின்றேன், கூட்டம் கூச்சல் போட்டது, ஏற்பாட்டாளர் என்னிடம் குரலை உயர்த்தினார். கடைசியில் நாற்காலிகள் பின்னால் போயின. அன்று மூன்றாவது பெட்டி சாய்ந்துவிட்டது. அது சுட்ட திசையில்தான் அந்த நாற்காலிகள் இருந்திருக்கும். அதற்கப்புறம் அந்தக் கோவிலிலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது இரண்டு. கயிற்றைக் காவல் காக்கத் தனியாக நான்கு பேர் வேண்டும், அவர்கள் வானத்தைப் பார்க்கக்கூடாது, ஜனங்களைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, பெட்டி சாயாமல் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் பயப்படுவது பெரிய வெடிக்கு அல்ல, சாய்ந்த பெட்டிக்குத்தான். புல்தரையில் அப்படியே வைக்காதீர்கள். தட்டையான பலகையில் வைத்து, நாலு புறமும் மணல் மூட்டையை அணைத்து, பட்டையால் மரக்குச்சியோடு கட்டுங்கள். கொளுத்துபவர் ஒருவர், கூட ஒருவர், இரண்டு பேருமே குடிக்காதவர்கள். பருத்தித் துணி, கண்ணாடி, மூடிய செருப்பு. வேட்டி அழகுதான், அன்று மட்டும் காற்சட்டை போடட்டும். திரி எரிந்தும் வெடிக்காததை அரை மணி நேரம் தொடக்கூடாது, மறுபடி கொளுத்தவே கூடாது, தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் இழுத்து வையுங்கள். மணல் வாளி இரண்டு. தீயணைப்புக்காரர்களின் 18 எண்ணை எல்லாருக்கும் சொல்லி வையுங்கள், அவர்கள் வண்டி உள்ளே வரும் வழியில் காரை நிறுத்த விடாதீர்கள்.

மறுநாள் விடிந்ததும் திடலை நடந்து பார்ப்பது பலர் மறக்கும் வேலை. வெடிக்காமல் கிடப்பதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

எவ்வளவு நாள் முன்னால் என்று கேட்டீர்கள். சட்டம் பெரிய நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் என்கிறது. நான் உங்கள் சின்ன நிகழ்ச்சிக்கே மூன்று மாதம் என்பேன். ஆடி மாதத்திலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். மேரியில் ஒருவர் விடுப்பில் போவார், காப்பீட்டுக்காரர் பதில் எழுதமாட்டார், எல்லாம் நடக்கும். சேன்-ஆந்த்ரேயில் நகராட்சியே தீபாவளியைப் பெரிதாகக் கொண்டாடுகிற வழக்கம் உண்டு. அவர்கள் நாளோடு உங்கள் நாள் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போக்குவரத்துக்கும் நல்லது, கூட்டத்துக்கும் நல்லது. ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஏழரைக்கு விட்டால் குழந்தைகளும் பார்க்கலாம், எட்டு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் தூங்கவும் போகலாம்.

பிள்ளைகளை ஓரம்கட்டிவிடாதீர்கள். பெரியவர்கள் விடுவதைப் பார்த்துக்கொண்டு நில் என்றால் அவர்கள் மறுபடி தெருவுக்குத்தான் போவார்கள். வாணத்துக்கு முன்னால் அரை மணி நேரம் அவர்களுக்குக் கொடுங்கள். கோவில் முன்முற்றத்தில் விளக்கு வரிசை, எஃப்-1 மத்தாப்பு, ஒவ்வொரு ஐந்து பிள்ளைக்கும் ஒரு பெரியவர், எரிந்த கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீர். எரிந்து முடிந்த கம்பியை மிதிப்பதுதான் சிறுபிள்ளைகளுக்கு அதிகம் நேரும் காயம்.

கடைசியாகச் சித்திரைப் புத்தாண்டு. இதில் நான் உங்களுக்கு ஆதரவாகப் பேசப் போவதில்லை. இந்தத் தீவில் மட்டுமே கூடு கட்டும் ஒரு கடற்பறவை இருக்கிறது, பெத்ரல் தெ பாரோ. பிட்டோன் தெ நேஜ் மலைப் பக்கம் உயரமான சரிவுகளில் வளைக்குள் முட்டையிடும். உலகில் அழியும் நிலையில் உள்ள பறவைகளின் பட்டியலில் அதுவும் ஒன்று. அதன் குஞ்சுகள் முதன்முதலாகப் பறந்து கடலுக்கு இறங்குவது ஏப்ரலில், இரவில். நிலவும் நட்சத்திரமும் கடலில் பட்டு மினுங்குவதுதான் அவற்றுக்கு வழிகாட்டி. நடுவில் ஊர் வெளிச்சம் கண்டால் அங்கே இறங்கிவிடும், சமதரையிலிருந்து மறுபடி எழும்பத் தெரியாது. அப்படியே நாய்க்கும் வண்டிக்கும் இரையாகும். இதற்காகவே ஏப்ரலில் 'வெளிச்சமில்லாத இரவுகள்' என்று பல கொம்யூன்கள் தெருவிளக்கையே அணைக்கின்றன. நம் புத்தாண்டோ ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது. ஊரே விளக்கை அணைக்கிற வாரத்தில் நாம் மட்டும் வானத்தைக் கொளுத்தினால் நன்றாகவா இருக்கும்?

எனக்கு வருமானம் போகிறதுதான், ஆனாலும் அந்த மாதத்தில் வாணத்துக்கு யார் கேட்டாலும் மறுத்துவிடுகிறேன். புத்தாண்டுக்கு விடியற்காலை கனி காணுதல் இருக்கிறது, கோலம் இருக்கிறது, பகலில் பறை மேளம் இருக்கிறது. வெடியே வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால், டிசம்பர் 31 நள்ளிரவில் இந்தத் தீவே சரம் சரமாய்ப் பெத்தார் கட்டித் தொங்கவிடும், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். அப்போதும் அந்த ஆண்டின் ஆணையைப் பார்த்துவிட்டுத்தான். ஏப்ரலில் திடலில் பழுப்பு நிறக் குஞ்சு ஒன்று தத்தளித்துக்கொண்டிருந்தால் ஒரு துணியைப் போட்டு மெதுவாக எடுத்து, துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, உணவோ தண்ணீரோ கொடுக்காமல், பறவைகளைக் காக்கும் செயோர் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

திடலை அளந்ததும் ஒரு காகிதத்தில் படம் வரைந்து, கரும்பு எந்தப் பக்கம், மின்கம்பி எந்தப் பக்கம், ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போயிற்று என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். எந்த வகைப் பெட்டி எத்தனை வாங்கலாம் என்று அப்போது சொல்கிறேன். அதுவரை கடைக்குப் போக வேண்டாம்.